டிக்கியில் "டம்... டம்!" பியூஸ் இல்லையேல் கார் அம்பேல்!

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் சாமான் கடைகள் நிறைந்த இடம். "அண்ணே, டிக்கி அதிரணும்!" என்று வாலிபர்கள் காரை கொண்டு வந்து நிறுத்துகிறார்கள்.

கம்பெனி செட்டை கழற்ற வேண்டியதில்லை. ஸ்பீக்கர் ஒயரில் கன்வர்ட்டர் போட்டு, ஆம்ப்ளிபயர் வழியாக சப்-உஃபருக்கு பாட்டை இழுத்து விடலாம். அது சின்ன வேலைதான்.

வினை பேட்டரி ஒயரில் இருக்கிறது! என்ஜின் பக்கமிருந்து டிக்கி வரை ஓடும் தடி ஒயர் அது. தகட்டு ஓட்டையில் உரசி உரசி, தோல் கிழிந்து பாடியில் பட்டால் போச்சு. சாவியை எடுத்தாலும் அதில் கரண்ட் இருக்கும். 12 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கும் என்று அலட்சியம் வேண்டாம். ஒயர் பழுத்து தீப்பிடிக்கும்!

ஓட்டைக்கு ரப்பர் வளையம், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் கட்டாயம். ஆம்ப்ளிபயரில் உள்ள பியூஸ் இந்த ஒயரை காப்பாற்றாது. பானெட்டை திறந்து பார்த்த பிறகு காசை எண்ணுங்கள்.