திருப்பி அடிக்காமல் தூது அனுப்புவது ஏன்?

ஒரு தீவிரவாதத் தாக்குதல் நடந்த மறுநாள் டீக்கடையிலும் டி.வி.யிலும் ஒரே கேள்விதான் ஓடும்: "இன்னும் ஏன் திருப்பி அடிக்கவில்லை?" படையை அனுப்பினால் வீரம், தூதுவரை அனுப்பினால் கோழைத்தனம் என்று பேச்சு முடிந்துவிடும். அரசு போடும் கணக்கு வேறு. அதைப் புரிந்துகொள்ள டெல்லி வரை போக வேண்டாம்; தருமபுரிக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்த ஒரு விவகாரமே போதும்.

2000 ஜூலை 30 இரவு, தாளவாடி பக்கம் தொட்டகாஜனூரில் இருந்த தன் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டார். அவருக்கு அப்போது 71 வயது. மருமகன் கோவிந்தராஜு உள்ளிட்ட மூன்று பேரையும் வீரப்பன் கும்பல் கூடவே காட்டுக்குள் கொண்டுபோனது.

வீரப்பனைத் தீவிரவாதி என்பதா, சந்தனக் கடத்தல்காரர் என்பதா என்று இன்றைக்கும் வாதிடலாம். 1993 ஏப்ரல் 9-ல் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்த வழக்கை அரசு தீவிரவாதத் தடுப்புச் சட்டமான தடாவில்தான் நடத்தியது. 2000-ல் அவரோடு தமிழ்த் தேசிய ஆயுதக் குழுக்களின் ஆட்களும் சேர்ந்திருந்தார்கள். அதனால் காட்டிலிருந்து கேசட்டில் வந்த கோரிக்கைகள் பிணைத்தொகை கேட்கும் ரகமாக இல்லை. காவிரித் தண்ணீர், 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு நிவாரணம், பெங்களூரில் வள்ளுவர் சிலைத் திறப்பு, வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையால் சீரழிந்த கிராம மக்களுக்கு இழப்பீடு, மைசூர் சிறையில் இருந்த தடா கைதிகளின் விடுதலை என்று நீண்டன.

இரண்டு மாநிலப் போலீஸும் அதிரடிப்படையும் இருந்தும் ஏன் காட்டைச் சுற்றி வளைக்கவில்லை? பிணைக்கைதியின் உயிர் என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். தருமபுரிக்கு மட்டும் புரியக்கூடிய இன்னொன்றும் இருந்தது.

அன்றைய தருமபுரி மாவட்டம் ஓசூர் வரை நீண்டது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். ஓசூரைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அப்புறம் பெங்களூர். மழை பொய்த்த வருஷம் பென்னாகரம், அரூர் பக்கத்து ஜனம் குடும்பத்தோடு பஸ் ஏறுவது அங்கேதான்: கொத்தனார் வேலை, சித்தாள் வேலை, சென்ட்ரிங் வேலை. காவிரி இடைக்கால உத்தரவையொட்டி 1991 டிசம்பரில் அங்கே தமிழர்கள் அடிபட்டு, மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டி ஓடிவந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. கன்னடர்கள் தெய்வமாகக் கொண்டாடிய ஒரு மனிதர் தமிழ்நாட்டு எல்லைக்குள் கடத்தப்பட்டிருக்கிறார். காட்டில் ஒரு குண்டு தவறி அவர் மேல் பட்டிருந்தால், அதற்கான அடி சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருக்கும் பென்னாகரத்துக்காரர் மேல்தான் விழுந்திருக்கும். அன்றைய முதல்வர்கள் மு. கருணாநிதியும் எஸ்.எம். கிருஷ்ணாவும் தூது என்று முடிவெடுத்ததன் அடிப்படை இதுதான் என்பது என் கணிப்பு.

படை கிராமத்துக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதும் இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்தி கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம்சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது 2011 செப்டம்பர் 29-ல். ஒருவனைத் தேடிப் போகும் ஆயுதம் ஊரையே குற்றவாளியாகப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

சரி, தூது எப்படி நடந்தது? 'நக்கீரன்' இதழாசிரியர் கோபால் பலமுறை காட்டுக்குள் போய் வந்தார். கடைசிக் கட்டத்தில் தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறன் போனார். இப்படிப்பட்ட பேச்சில் முதல் வேலை, கோரிக்கைப் பட்டியலைத் தரம் பிரிப்பது. அதில் சில, யாரும் துப்பாக்கி காட்டாமலே அரசு செய்திருக்க வேண்டியவை. அதிரடிப்படை அத்துமீறல்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் ஏற்கெனவே நீதிபதி சதாசிவா குழுவைப் போட்டிருந்தது. பின்னால் 2007-ல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் கிடைத்தது. சில, பொறுமையாகச் செய்யக்கூடியவை. பெங்களூர் அல்சூரில் மூடியே கிடந்த வள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்டது, அதுவும் அப்போதைய இரு முதல்வர்கள் தங்களுக்குள் பேசி முடித்து.

தொடவே கூடாதவையும் இருந்தன. அதில் ஒன்று தடா கைதிகளின் விடுதலை; ஆனால் அவர்களை விட்டுவிட இரு அரசுகளும் தயாராகவே இருந்தன. வீரப்பன் கும்பலால் 1992-ல் கொல்லப்பட்ட சப் இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவின் தந்தை உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மகனைக் கொன்ற வழக்கின் கைதிகளைப் பேரத்தில் விடுவதா என்பது அவர் கேள்வி. நவம்பர் 7-ல் நீதிமன்றம் அந்த விடுதலையை அனுமதிக்க மறுத்தது. நவம்பர் 15-ல், 108 நாளுக்குப் பிறகு, ராஜ்குமார் வெளியே வந்தார். கைதிகளை விடாமலே வந்தார்! அரசுகள் அவசரப்பட்டு மேசையில் வைத்தது தேவையே இல்லாத விலை. இதில் இன்னொரு வேதனையும் உண்டு. மறு வருஷம் மைசூர் தடா நீதிமன்றம் விசாரணையை முடித்தபோது அந்தக் கைதிகளில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். காலத்தோடு விசாரித்திருந்தால் அவர்கள் பேரப்பொருள் ஆகியிருக்கவே மாட்டார்கள்.

தூதுக்கு விலையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கில் பணம் கைமாறியது என்று அப்போது கர்நாடக டி.ஜி.பி.யாக இருந்த சி. தினகர் பின்னால் புத்தகம் எழுதினார். கர்நாடக அரசு மறுத்தது. 2002 ஆகஸ்டில் முன்னாள் அமைச்சர் நாகப்பா கடத்தப்பட்டார். டிசம்பரில் அவர் சடலம்தான் கிடைத்தது. ஒருமுறை பலித்தது மறுமுறையும் பலிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் 2000-ல் கிடைத்த அவகாசம் வீணாகவும் இல்லை. 2004 அக்டோபர் 18 இரவு, கண் சிகிச்சைக்குப் போவதாக நம்பி ஆம்புலன்ஸில் ஏறிய வீரப்பனும் கூட்டாளிகள் மூவரும் பாப்பாரப்பட்டி அருகே பாடியில் கே. விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எந்த ஊரும் சூறையாடப்படவில்லை, பிணைக்கைதி யாரும் இல்லை. உள்ளே ஆளை அனுப்பி, நம்பவைத்து, காத்திருந்து செய்த வேலை அது.

இதே கணக்கைத்தான் 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மன்மோகன் சிங் அரசு பெரிய அளவில் போட்டது. 166 பேர் இறந்திருந்தார்கள். பாகிஸ்தானில் உள்ள முகாம்களைத் தாக்கலாமா என்ற யோசனை இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற பதிலடி வேண்டும் என்று தானே முதலில் வற்புறுத்தியதாக அன்றைய வெளியுறவுச் செயலர் சிவசங்கர் மேனன் எழுதியிருக்கிறார். நிதானமாக யோசித்தபின் தாக்காதது சரிதான் என்ற முடிவுக்கு வந்ததாகவும் சொல்கிறார். தாக்கியிருந்தால் பாகிஸ்தான் முழுவதும் தன் ராணுவத்தின் பின்னால் திரண்டிருக்கும். உலகம் இதையும் வழக்கமான இந்தியா–பாகிஸ்தான் சண்டையாகத்தான் பார்த்திருக்கும். தாக்காததால் டிசம்பர் 10-க்குள், தாக்குதலின் சூத்திரதாரிகளாகக் குற்றம்சாட்டப்பட்ட ஹஃபீஸ் சயீதும் லக்வியும் ஐ.நா. தடைப் பட்டியலில் ஏறினார்கள். தாக்குதலுக்கான சதியின் ஒரு பகுதி தன் மண்ணில் நடந்தது என்று பிப்ரவரியில் பாகிஸ்தானே ஒப்புக்கொண்டது. அதே வழக்கில் தேடப்பட்ட அபு ஜுண்டால் 2012-ல் சவுதியிலிருந்தும், தஹாவூர் ராணா 2025-ல் அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். மெதுவாக நடந்ததுதான். லக்விக்கும் சயீதுக்கும் மும்பைக்கான தண்டனை கிடைக்கவில்லை என்ற குறை நியாயமானதே. சயீதுக்கு 2020-ல் சிறைத் தண்டனை கிடைத்தது தீவிரவாதத்துக்குப் பணம் திரட்டிய வழக்கில்.

அந்தக் குறைதான் பிறகு வந்த அரசை வேறு பக்கம் தள்ளியது. உரி தாக்குதலுக்குப் பின் 2016-ல், புல்வாமா தாக்குதலுக்குப் பின் 2019-ல், பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பின் 2025 மே 7-ல் இந்தியா எல்லை தாண்டி அடித்தது. கடைசியாகச் சொன்னது நான்கு நாள் சண்டையாக வளர்ந்து, ஏவுகணைகளும் ட்ரோன்களும் இருபக்கமும் பறந்தன. எல்லையோர ஊர்களில் பொதுமக்கள் செத்தார்கள். மே 10 பிற்பகல் 3.35 மணிக்கு பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் இந்தியாவில் அதே பொறுப்பில் இருந்தவருக்குப் போன் செய்தார். மாலை 5 மணியிலிருந்து நிறுத்திக்கொள்வதென்று இருவரும் பேசி முடித்தார்கள்.