காணியும் காசும் – 6: சம்பூர்க் கிணறுகள்

திருகோணமலையில் நின்று தெற்கே பார்த்தால், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர்க் கரை தெரியும். சம்பூர் அந்தப் பக்கம்தான். குடாவின் ஆழத்துக்காகப் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் மாறி ஒருவர் வந்து மோதினார்கள். சம்பூர்க் கமக்காரருக்கு அந்த ஆழத்தால் ஆவது ஒன்றுமில்லை. அவர் பார்த்திருந்தது மாரி மழையை. பெரும்போகம் அதை நம்பித்தான்.

2006 ஏப்ரல் கடைசியில் குண்டுகள் விழுந்தன. சனம் உடுத்த உடுப்போடு மட்டக்களப்புக்கு ஓடியது, பிறகு கிளிவெட்டி முகாமுக்கு வந்தது. அந்த வருடம் முடியுமுன்னே இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்கு உடன்பாடு செய்துகொண்டன. இடமாகச் சம்பூர் வந்தது. 2007இல் உயர் பாதுகாப்பு வலயம். 2012இல் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் கைக்குப் போனது, கைத்தொழில் வலயத்துக்காக. ஆளைக் கிளப்பிவிட்டு, பிறகு அதை ஆளில்லாக் காணியென்று கடதாசியில் எழுதுவதை என்னால் சாதாரண நிர்வாக வேலையாகப் பார்க்க முடியவில்லை. பெரிய பணம் வரும்போது அதைக் கொண்டுவருபவர்களின் கண்ணில் வரம்பும் வேலியும் மறைந்து, ஏக்கர்க் கணக்கு மட்டும் மிஞ்சுகிறது.

கிழக்கில் காணியும் வீடும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது. காணி போனால் தாயின் வழி வந்ததும் மகளுக்கு வைத்ததும் ஒன்றாகப் போகிறது. மாற்றுக் காணி தருகிறோம் என்றபோது பலர் வேண்டாம் என்று தகரக் கொட்டிலிலேயே கிடந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். ஒன்பது வருடம், நிவாரண அரிசியில்.

2015 மே மாதம் அந்த 818 ஏக்கருக்கான ஒதுக்கீட்டை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரத்துச் செய்தார். திரும்பி வந்தவர்களுக்கு வீடுகள் இல்லை, தரைமட்டமாகக் கிடந்தன. பற்றை மண்டி, எது யாருடைய வளவு என்றே தெரியவில்லை. நான் பேசிய முதியவர் ஒருவர் கிணற்றைத் தேடித்தான் தன் வளவைக் கண்டுபிடித்தார். கிணற்றுக் கட்டில் கயிறு அறுத்த தடம் ஒரு பக்கமாகப் பள்ளமாயிருந்தது. இடக்கையால் இழுப்பவர் அவருடைய மனைவி. அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாராம்.

நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல். கரிப்புகை இல்லை என்பது பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் அதே 2025இல் குடாவுக்கு வடக்கே முத்துநகரில் சூரிய மின்திட்டங்களுக்காக வயலை இழந்த விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். வெயிலை அறுவடை செய்யவும் யாரோ ஒருவருடைய வயல்தான் வேண்டியிருக்கிறது.

போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் வந்து அந்த முதியவரிடம் காணிக்கு விலை கேட்டிருக்கிறார்.

“நல்ல விலைதான் தம்பி. ஆனா இது மகளுக்குக் குடுத்த காணி. அவளிட்டத்தான் கேக்கோணும்.”

மகள் அப்போது கிணற்றடியில் மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார்.