இல்லாத தீவு நமக்கு எழுப்பும் கேள்விகள்

பூட்டு இல்லாத வீடுகள், பசித்திருப்பவர் இல்லாத தெருக்கள், பொன்னுக்கு மதிப்பில்லாத சந்தைகள். இப்படி ஒரு நாடு எங்கேனும் உண்டா? 'உட்டோப்பியா' என்னும் தீவு நாடு அப்படிப்பட்டது. ஆனால் அதை உலக வரைபடத்தில் தேட வேண்டாம். 1516ஆம் ஆண்டு இலத்தீன் மொழியில், லூவேன் நகரில் அச்சான ஒரு நூலில் மட்டுமே அது இருக்கிறது. எழுதியவர், நாம் ஜூன் 22 அன்று நினைவுகூரும் புனித தாமஸ் மூர். 'உட்டோப்பியா' என்ற சொல்லை அவரே கிரேக்க வேர்களிலிருந்து உருவாக்கினார். அதன் பொருள் 'இடமே இல்லாத இடம்' என்பது. 'நல்ல இடம்' என்றும் அது காதில் ஒலிக்கும்.

ஆண்ட்வெர்ப் நகரில் திருப்பலி முடிந்து வெளியே வரும் வேளையில், ரபேல் என்ற பயணியை மூர் சந்திப்பதாகக் கதை தொடங்குகிறது. அமெரிகோ வெஸ்புச்சியுடன் கடற்பயணம் செய்தவராக அறிமுகமாகும் இவர், தாம் கண்ட தீவைப் பற்றி விவரிக்கிறார். அத்தீவின் தொடக்க வரலாற்றில் நம் சிந்தனைக்குரிய செய்திகள் பல உள்ளன.

முதலாவது, கால்வாய். அது தொடக்கத்தில் தீவே அல்ல. அப்ராக்சா என்ற பெயருடைய, பெருநிலத்தோடு ஒட்டியிருந்த பகுதி. உட்டோப்பஸ் என்ற மன்னர் அதை வென்றார். பின்பு 15 மைல் நீளத்துக்கு நிலத்தை வெட்டிக் கடல்நீரை உள்ளே விட்டார். இந்த வேலைக்குத் தோற்ற மக்களை மட்டும் அவர் அனுப்பவில்லை. அது தங்களுக்கு நேர்ந்த அவமானம் என்று அவர்கள் எண்ணாதபடி, வெற்றி பெற்ற தம் படைவீரர்களையும் அவர்களோடு சேர்ந்து மண் வெட்ட வைத்தார். தொடக்கத்தில் எள்ளி நகைத்த அண்டை நாட்டார், வேலை விரைவில் முடிந்ததைக் கண்டு வியந்தனர். வென்றவரும் தோற்றவரும் ஒரே பள்ளத்தில் நின்று வியர்வை சிந்தியபோதுதான் அந்த நாடு பிறந்தது.

இரண்டாவது, சமயம் பற்றிய சட்டம். உட்டோப்பஸ் வருமுன் அம்மக்கள் சமயத்தின் பெயரால் தங்களுக்குள் ஓயாமல் சண்டையிட்டார்கள். அந்தப் பிளவுதான் அவருடைய வெற்றியை எளிதாக்கியது. எனவே அவரவர் தமக்கு விருப்பமான சமயத்தைப் பின்பற்றலாம், பிறருக்கும் எடுத்துரைக்கலாம், ஆனால் அமைதியோடும் பணிவோடும் மட்டுமே என்று அவர் சட்டம் இயற்றினார். பிற்காலத்தில் கிறிஸ்துவின் பெயரை அத்தீவினர் கேட்டபோது பலர் திருமுழுக்குப் பெற்றனர். தொடக்கத் திருச்சபையினர் உடைமைகளைப் பொதுவாக வைத்திருந்தது (திப 4:32) தங்கள் வாழ்வோடு ஒத்திருந்ததும் அவர்களை ஈர்த்தது. ஆனால் புதிதாக மனம் மாறிய ஒருவர் மற்றச் சமயங்களைக் கடுமையாகப் பழித்துப் பேசியதால், கலகம் மூட்டினார் என்ற குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டார். இதை எழுதியவர் ஒரு கத்தோலிக்கர் என்பதை நாம் மறக்கக் கூடாது.

மூன்றாவது, முடிக்காமல் விட்ட பணி. தலைநகரின் வடிவத்தை உட்டோப்பஸே வரைந்தார். ஆனால் அதை அழகுபடுத்தும் வேலையைப் பின்வரும் தலைமுறைகளுக்கு விட்டுவிட்டார். ஓர் ஆயுளில் எல்லாம் முடியாது என்று அவர் அறிந்திருந்தார். தொடக்கத்தில் மண்சுவரும் கூரையுமாக இருந்த குடிசைகள் பல நூற்றாண்டுகளில் மூன்றடுக்கு வீடுகளாயின. அத்தீவின் வரலாற்றுக் குறிப்புகள் 1,760 ஆண்டுகளுக்குத் தொடர்வதாக நூல் கூறுகிறது. 54 நகரங்கள், நாளுக்கு 6 மணி நேர உழைப்பு, பத்தாண்டுக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு வீடு மாற்றிக்கொள்வது என்று அந்நாடு வளர்ந்தது.

அப்படியானால் உட்டோப்பியா விண்ணகமா? இல்லை. அங்கே அடிமைகள் உண்டு. பொன்னை இழிவாகக் காட்ட அடிமைகளின் சங்கிலிகளையே பொன்னால் செய்தார்கள். பொன் இழிவானதுபோல் மனிதரும் அங்கே இழிவானார்கள். எழுதியவரின் வாழ்விலும் ஒரு முரண் உண்டு. 1529 முதல் 1532 வரை இங்கிலாந்தின் சான்சலராக இருந்தபோது, தப்பறைக் கொள்கையினர் எனப்பட்டவர்களை மூர் கடுமையாக நடத்தினார். சிலர் எரித்துக் கொல்லப்பட்டனர். கற்பனைத் தீவுக்கு அவர் வழங்கிய சட்டம் சொந்த மண்ணில் நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் அரசரே திருச்சபையின் தலைவர் என்பதை ஏற்க மறுத்து, மனச்சான்றின் பொருட்டு அவரே 1535 ஜூலை 6 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார். மனச்சான்றை வற்புறுத்தக் கூடாது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் தெளிவாக எடுத்துரைத்தது. நாமும் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டோம் என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

இல்லாத தீவு ஓரளவு மண்ணிலும் இறங்கியது. மெக்சிகோவுக்கு நீதிபதியாக வந்த வாஸ்கோ தே கிரோகா, மூரின் நூலைப் படித்து நெஞ்சம் கவரப்பட்டார். நாட்டைப் பறிகொடுத்த பூர்வகுடி மக்களுக்காக 1532இல் தம் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி சாந்தா ஃபே என்ற ஊரை நிறுவினார். அங்கே 6 மணி நேரப் பொது உழைப்பு. விளைச்சல் அவரவர் தேவைக்கேற்பப் பங்கிடப்பட்டது. நோயாளருக்கும் அநாதைகளுக்கும் இடம் இருந்தது. பின்னர் மிச்சோவாக்கானின் ஆயரான அவரை அம்மக்கள் 'தாத்தா வாஸ்கோ' என்று அழைத்தனர். அவர்கள் வழக்கில் 'தாத்தா' என்றால் அப்பா.

அன்பார்ந்தவர்களே, நம் பங்குகளிலும் அன்பியங்களிலும் ஏதாவது ஒன்றை நாமும் தொடங்கிக்கொண்டே இருக்கிறோம். அங்கே மண் சுமப்பவர் யார், மேடையில் அமர்பவர் யார்? வேறு நம்பிக்கை கொண்ட அடுத்த வீட்டாரிடம் நம் பேச்சு பணிவாக இருக்கிறதா? நமக்குப் பின் வருபவர்கள் செய்வதற்கு எதையாவது விட்டு வைக்கிறோமா, அல்லது கல்வெட்டில் நம் பெயர் விழவேண்டும் என்று அவசரப்படுகிறோமா? உட்டோப்பஸ் கால்வாய் வெட்டித் தம் நாட்டைத் தனித்தீவாக்கினார். அதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம். சாதி, ஊர், தெரு என்று நமக்குள் ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கும் கால்வாய்கள் போதும். மண்வெட்டியை எடுப்போம், இம்முறை அவற்றைத் தூர்ப்பதற்காக, எல்லாரும் ஒரே பள்ளத்தில் இறங்கி.