“எத்தனை வந்துச்சு?”

பலதுறைத் தொழிற்கல்லூரியில் குழுப் படைப்பு நடந்த அன்று நான் கழிவறைக்குள் உட்கார்ந்திருந்தேன். கைகள் சில்லிட்டிருந்தன; வயிறு பிசைந்தது. என் முறை முடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகே வெளியே வந்தேன். குழுவில் மற்ற மூவரும் சமாளித்திருந்தார்கள். ஆனாலும் மதிப்பெண் குறைந்தது. அவர்களில் ஒருத்தி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ‘வயிற்றுவலி’ என்று அவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். பொய்யில்லை, உண்மையாகவே வலித்தது.

அந்த வலி எனக்குப் பழையது. 2019ல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த மாலை, வீட்டில் தொலைபேசி ஓயவில்லை. பெரியம்மா, சித்தப்பா, அம்மாவின் தோழி என எல்லாருக்கும் ஒரே கேள்வி: “எத்தனை வந்துச்சு?” அம்மா அறைக்குள் போய், குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னார். திட்டவில்லை, அடிக்கவில்லை. அந்தத் தாழ்ந்த குரல்தான் எனக்குள் தங்கிவிட்டது.

அப்போதைய ‘டி-ஸ்கோர்’ முறையே மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்பட்டதுதான். 2021ல் அது போய், அடைவுநிலை முறை வந்தது. தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போனால் பழைய முறை இன்னும் நடப்பில் இருக்கிறது!

நம் வீடுகளில் மனப்பதற்றத்துக்குப் பெயர் கிடையாது. தலைவலி, வயிற்றுவலி, இல்லையென்றால் ‘சோம்பேறித்தனம்’. என் பாட்டி மட்டும் திருஷ்டி என்று உப்பும் மிளகாயும் சுற்றிப்போடுவார். அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்தச் சில நிமிடங்களில் யாரும் என்னிடம் மதிப்பெண் கேட்டதில்லை.

மனநலக் கழகம் 2024ல் வெளியிட்ட ஆய்வில், 15 முதல் 35 வயதுள்ளோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் மனச்சோர்வு, பதற்றம் அல்லது மன உளைச்சலின் கடுமையான அறிகுறிகள் இருப்பதாகக் கூறியிருந்தனர். அதைப் படித்த பிறகே கல்லூரி ஆலோசகரைப் பார்க்கத் துணிந்தேன்.

ஒளிந்துகொள்ளும்போது கிடைக்கும் நிம்மதிதான் அடுத்த முறை பயத்தைப் பெரிதாக்குகிறது என்றார் அவர். ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடல் கற்றுக்கொள்கிறதாம். உடனே வகுப்பின் முன் நிற்கச் சொல்லவில்லை. முதலில் ஒருவர் முன், பிறகு இருவர் முன் பேசிப் பழகச் சொன்னார்.

முதல் ஆளாக அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். பேச்சு எப்படியோ அந்த 2019 மாலைக்குப் போனது. ஏன் குரலைத் தாழ்த்தினீர்கள் என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எல்லாரும் கேக்குறது உன் காதுல விழக்கூடாதுன்னுதான்மா.”

அடுத்த வாரம் மறுபடியும் படைப்பு. முதல் இரண்டு நிமிடங்கள் என்னுடையவை.