கலை வகுப்பில் என்னதான் நடக்கிறது?

“படம் வரையுறதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பாடம் எடுக்கணுமா?”

2025 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தி கேட்ட கேள்வி இது. சித்தி மகள் அப்போது உயர்நிலை இரண்டில் இருந்தாள். உயர்நிலை மூன்றில் படிக்கவேண்டிய பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம் வீட்டுக்கு வந்திருந்தது. கலைப்பாடம் எடுப்பதா வேண்டாமா என்பதில் தாயும் மகளும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. ஃபேரர் பார்க்கிலுள்ள அவர்களது வீவக வீட்டுக்குச் சாப்பிடப் போன என் கையில் படிவம் திணிக்கப்பட்டது. “நீதான் யூனிவர்சிட்டியில படிக்கிறியே, நீயே சொல்லும்மா.”

அன்பு நண்பர்களே, நம்மில் பலர் துணைப்பாட வகுப்பு எடுக்கிறோம். பேரவையின் முன்னாள் உறுப்பினர்கள் பலருக்குப் பள்ளி செல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் யோசனை சொல்லத் தயங்காத நாம், கலை வகுப்பு பற்றிக் கேட்டால் விழிக்கிறோம். அன்று நானும் விழித்தேன்.

நான் படித்தது ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளி. அங்கே ஓவிய வகுப்பு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. யுபிஎஸ்ஆர் தேர்வு நெருங்கினால் அதைக் கணிதம் விழுங்கிவிடும். விழுங்காத நாள்களில் கரும்பலகையில் இரண்டு மலை, நடுவே ஒரு சூரியன், ஓரத்தில் ஒரு தென்னைமரம் வரைவார்கள். நாங்கள் பார்த்து வரைவோம். கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டியவருக்கு நட்சத்திரம். என் வண்ணம் எப்போதும் கோடு தாண்டும். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் பாத்தேக், வாவ் பட்டம் என்று சுவையான பாடங்கள் வந்தன. அதற்குள் “எனக்கு வரையத் தெரியாது” என்ற முடிவுக்கு நான் வந்துவிட்டிருந்தேன்.

ஆகவே சித்திக்குப் பதில் சொல்ல ஒரு வாரம் தவணை கேட்டேன். கல்வி அமைச்சின் பாடத்திட்ட ஏடுகளைப் படித்தேன். பள்ளியில் கலை கற்பிக்கும் மூத்த மாணவி ஒருவரையும் நச்சரித்தேன்.

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஒன்று முதல் உயர்நிலை இரண்டு வரை கலை எல்லாருக்கும் கட்டாயம், அதன்பிறகு விருப்பப்பாடம். என் தங்கை 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவள். விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் நீக்கப்பட்ட பின் சேர்ந்த முதல் தொகுதி அது. ஆங்கிலம், கணிதம் போன்றவற்றை அவரவர் நிலைக்கேற்பத் தனித்தனியாகப் படிக்கும் இவர்கள், கலை, இசை, உடற்கல்வி உள்ளிட்ட ஆறு பாடங்களை மட்டும் ஒரே வகுப்பில் கலந்து படிக்கிறார்கள். கணிதத்தில் முன்னால் நிற்பவனும் பின்தங்கியவனும் ஒரே களிமண்ணைப் பிசையும் இடங்களில் ஒன்று கலை வகுப்பு எனலாம்.

பென்சில், நீர்வண்ணம், களிமண், அச்சுப்பதிவு, புகைப்படம், கணினியில் வரைதல் என்று செய்முறைகள் பல உண்டு. அவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. நான் எதிர்பாராதவை இரண்டு.

முதலாவது, பேச்சு. கலை வகுப்பில் பிள்ளைகள் ஓவியத்தைப் பார்த்துப் பேசவேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘புராஜெக்ட் ஜீரோ’ குழு உருவாக்கிய ஒரு பழக்கம் பல நாட்டுப் பள்ளிகளில் வழங்குகிறது: என்ன பார்க்கிறாய், அதைப் பற்றி என்ன நினைக்கிறாய், இன்னும் என்ன அறிய விரும்புகிறாய் என்று மூன்று கேள்விகள். தங்கையின் வரைபுத்தகத்தில் சுவா மியா டீ 1959இல் தீட்டிய ‘தேசிய மொழி வகுப்பு’ ஓவியத்தின் அச்சுப்படி ஒட்டப்பட்டிருந்தது. பல இனத்தவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் கற்கும் காட்சி அது. கீழே அவள் எழுதியிருந்தது ஒரே வரி: வண்ணங்கள் அழகாக உள்ளன.

“கரும்பலகையில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய் என்ற இரண்டு கேள்விகள். 2015இல் சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டபோது, முதல் கண்காட்சி ஒன்றுக்கு அந்த முதல் கேள்வியைத்தான் ‘சியாப்பா நாமா காமு?’ என்று பெயராக வைத்தார்கள். சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு 1959 என்று சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்போ இவங்க எல்லாம் பெரியவங்க ஆனப்புறம் புது மொழி படிக்கிறாங்களாக்கா? பயமா இருந்திருக்குமா?” அந்தக் கேள்விதான் வகுப்பில் எதிர்பார்க்கப்படும் பதில். வீட்டில் தமிழில் பேசிப் பார்த்தபின் அதை ஆங்கிலத்தில் எழுத அவளுக்குப் பத்து நிமிடங்கூட ஆகவில்லை. பெற்றோர் உதவக்கூடிய இடம் இது. வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கிழிக்கக்கூடாத பக்கங்கள். இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

வேலை செய்யும் கைகளை நேரில் பார்த்து வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். தங்கை கேம்பல் லேன் பூக்கடை ஒன்றின் எதிரே நின்று, மல்லிகையை நூலில் கட்டும் அம்மாவின் விரல்களை நான்கு மாலைகள் வரைந்திருக்கிறாள். மொத்தம் பதினான்கு பக்கங்கள். விரல்கள் முதலில் முருங்கைக்காய் போல வந்தனவாம். “அசிங்கமா இருந்துச்சுக்கா” என்று பதினொரு பக்கங்களைக் கிழித்துவிட்டு, நல்ல மூன்றை மட்டும் ஒப்படைத்தாள். நோட்டுப்புத்தகம் சுத்தமாக இருக்கவேண்டும் என்பது சித்தி வீட்டுச் சட்டம். அது தமிழ் நோட்டுக்கும் அறிவியல் நோட்டுக்கும் பொருந்தும். கலை ஆசிரியரோ, “மற்றவை எங்கே?” என்று கேட்டுக் குறைந்த மதிப்பெண் போட்டிருந்தார். திறமையில்லை என்று ஆசிரியர் நினைப்பதாகத் தாயும் மகளும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று நாள் சண்டைக்கு மூலகாரணம் அதுதான்.

உண்மையில் ஆசிரியர் பார்க்க விரும்பியது அந்தப் பதினொரு பக்கங்களைத்தான். எங்கே தொடங்கினாள், எதைக் கைவிட்டாள், ஏன் மாற்றினாள் என்ற தடயங்களுக்கும் மதிப்பெண் உண்டு. சாதாரண நிலைத் தேர்விலும் பல மாதங்களாகத் திரட்டிய படைப்புத் தொகுப்பை ஒப்படைக்கவேண்டும். ஒரே இரவில் செய்து முடிக்கும் வேலையல்ல அது. என் தங்கையின் தொகுதி 2027இல் எழுதப்போகும் புதிய சான்றிதழ்த் தேர்விலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும். கணிதத்தில் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டென்பதை ஒத்துக்கொள்ளும் நாம், ஓவியத்தில் மட்டும் விடையை மட்டும் பார்க்கிறோம்.

பழைய தாள் வாங்கும் காராங்கூனிக்காரருக்காகக் கட்டிவைத்திருந்த செய்தித்தாள் மூட்டையை நானும் அவளும் பிரித்தோம். ஏழு பக்கங்கள் கிடைத்தன. ஒன்றில் மீன்குழம்புக் கறை. அவள் வெறுத்த நான்காம் பக்கத்தில் கையே இல்லை. பூவை இறுக்கும் முடிச்சு மட்டும் தாள் முழுக்கப் பெரிதாக இருந்தது. எல்லாவற்றிலும் உயிருள்ள படம் அதுதான் என்பேன், என் தகுதிக்கு.

இனிச் செலவு, வேலை ஆகிய இரண்டும். வண்ணம், தூரிகை, தடித்த தாள் வாங்கக் கொஞ்சம் பணம் ஆகத்தான் செய்யும். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் விசாரித்து வாங்குங்கள். ஆர்வம் மிகுந்தவர்களுக்குச் சில பள்ளிகளில் 1984 முதல் கலைச் சிறப்புத் திட்டம் நடக்கிறது. 2008இல் தொடங்கிய கலைப்பள்ளியும் உண்டு. தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்திலுள்ள லசால் கல்லூரியும், 1938இல் பிறந்த நன்யாங் நுண்கலைக் கழகமும் 2024 முதல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் அங்கங்கள். கலைப்பாடம் எடுத்தவர் எல்லாரும் ஓவியராகவேண்டும் என்பதுமில்லை. லிம் செங் ஹோ என்பவர் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் ரிச்சர்ட் வாக்கரிடம் ஓவியம் பயின்றவர். வாக்கர் 1920களில் இங்கு அரசாங்கப் பள்ளிகளின் கலைக்கல்வியைக் கவனிக்க வந்த ஆங்கிலேயர். லிம் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே ஓய்வுநேரத்தில் சிங்கப்பூர் ஆற்றை நீர்வண்ணத்தில் வரைந்தார். 2018இல் தேசியக் கலைக்கூடம் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது.

இதைச் சொன்னபோது சித்தி முகத்தில் சிறு மாற்றம். “ஆபீஸ் வேலையும் பார்த்தாரா?” என்று இரண்டு தரம் கேட்டார்.

ஏழு பக்கங்களையும் பசைநாடா போட்டு ஒட்டினோம். கறை படிந்த பக்கத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று சித்தி கேட்டார். தங்கை விடவில்லை. படிவத்தில் கலை இரண்டாவது விருப்பமாக எழுதப்பட்டது. முதல் விருப்பம் புவியியல், அது தாயின் பங்கு. திங்கட்கிழமை காலை புத்தகப்பை கனக்கிறதென்று முனகிக்கொண்டே அவள் வரைபுத்தகத்தை எடுத்துப்போனாளாம்.