தமிழில் வழங்கும் ஆங்கிலக் கடன்சொற்களும் இடைநிலைச் சொல்வளமும்: வெள்ளகவிச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
அடிப்படை ஆங்கிலச் சொற்களைக் கற்று முடித்த தமிழ் மாணவர், பாடத்துறை நூல்களைப் படிக்கும் நிலையில் தடைப்படுவதுண்டு. அத்தடையைக் கடக்க, அன்றாடத் தமிழில் வழங்கும் ஆங்கிலக் கடன்சொற்கள் எவ்வளவு உதவும், எங்கே இடர் தரும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இடைநிலைச் சொல்வளம், கடன்சொல், பொருட்சுருக்கம், சொற்குடும்பம், வெள்ளகவி.

முன்னுரை
பழனிமலைத் தொடரில் கொடைக்கானலுக்குக் கீழே அமைந்த சிற்றூர் வெள்ளகவி. நெடுங்காலம் சாலையின்றி, வட்டக்கானலிலிருந்தோ பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரையிலிருந்தோ நடந்தே சென்றடையும் ஊராக அது இருந்து வந்துள்ளது. இத்தகைய ஊர்களின் மாணவர்க்கு ஆங்கிலம் பாடநூலில் மட்டுமே கிடைக்கிறது என்பது பொதுவான கருத்து. ஆயின், மலைப்பகுதிப் பேச்சுத் தமிழிலும் எஸ்டேட், ரேஞ்ச், ஏரியா, லைசென்ஸ், கான்ட்ராக்ட் முதலிய சொற்கள் இயல்பாகப் பயில்கின்றன. இவை சொல்வளக் கல்வியில் கருதத்தக்கவை.

இடைநிலைச் சொற்களின் எல்லை
வங்கத்தில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட், ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியலை 1953இல் வெளியிட்டார். கல்விசார் நூல்களில் முக்கால் பங்கிற்குச் சற்று மேற்பட்ட சொற்கள் இவற்றுள் அடங்கும். அவ்வடிப்படைக்கு அப்பால், பல துறை நூல்களிலும் பயிலும் 570 சொற்குடும்பங்களை நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்தார். கல்விசார் நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவற்றால் ஆனது. இடைநிலை மாணவர் இடறும் இடங்களுள் இது முதன்மையானது. மேற்கூறிய ஐந்து கடன்சொற்களும் காக்ஸ்ஹெட் பட்டியலில் உள்ளவையே.

பொருட்சுருக்கம்
வடசொல் தமிழில் புகும்போது எழுத்தளவில் மாறுவதைத் தொல்காப்பியம் சுட்டுகிறது. ஆங்கிலக் கடன்சொற்களில் எழுத்தோடு பொருளும் மாறுகிறது. பெரும்பாலும் பல பொருள்களுள் ஒன்றே தமிழுக்கு வந்து சேர்கிறது.

1. ரேஞ்ச்: மலைப்பகுதி வழக்கில் வனத்துறையின் ஆட்சிப் பிரிவு. ஆங்கிலத்தில் மலைத்தொடர், இரு எல்லைகளுக்கு இடைப்பட்ட வீச்சு ஆகியவற்றையும் குறிக்கும்.
2. எஸ்டேட்: தமிழில் காப்பி, தேயிலைத் தோட்டம். ஆங்கிலச் சட்ட நூல்களில் இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தும் ஆகும்.
3. மெடிக்கல்: தமிழில் மருந்துக்கடை. ஆங்கிலத்தில் மருத்துவம் சார்ந்த என்னும் பெயரடை.
4. கான்ட்ராக்ட்: தமிழில் ஒப்பந்தம். ஆங்கிலத்தில் வினையாகும்போது சுருங்குதலையும் நோய்க்கு ஆட்படுதலையும் உணர்த்தும்.

நான்காவது சொல்லில் ஒலியழுத்தமும் வேறுபடுகிறது. பெயராயின் முதலசையிலும், வினையாயின் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். தமிழில் அழுத்தம் பொருளை வேறுபடுத்தாமையால், இவ்வேறுபாட்டைச் செவிவழிப் பயிற்சியால் உணர்த்த வேண்டும்.

கற்பித்தல் முறை
முதற்கண், மாணவர் தம் ஊர்ப் பேச்சில் வழங்கும் கடன்சொற்களைத் தொகுத்து, தமிழில் அவை தரும் பொருளை எழுதலாம். அடுத்து, அச்சொற்கள் வேறு பொருளில் வரும் ஆங்கிலத் தொடர்களைப் படித்து, பொருந்தும் பொருளைச் சூழலால் உய்த்துணரலாம். இறுதியில் கான்ட்ராக்டர், கான்ட்ராக்சுவல் எனச் சொற்குடும்பத்தை விரித்து, சொந்தத் தொடர்களில் ஆளலாம். அறிந்த ஒலிவடிவத்தின்மேல் புதிய பொருள் ஏற்றப்படுவதால் நினைவுச்சுமை குறைகிறது.

எனினும் இம்முறைக்கு வரம்பு உண்டு. அஸ்யூம், டிரைவ், கான்ஸ்டிட்யூட் போன்ற கருத்துநிலை வினைகள் பேச்சுத் தமிழில் வேரூன்றவில்லை. காரணகாரியத் தொடர்பு கூறும் பாடப்பகுதிகள் இத்தகைய வினைகளையே சார்ந்திருப்பதால், இவற்றைத் தமிழ் நிகரன்களோடு தனியே கற்பித்தல் இன்றியமையாதது.

முடிவுரை
கடன்சொற்களைப் பிழையான ஆங்கிலம் என ஒதுக்கும் வகுப்பறை, மாணவர் ஏற்கெனவே பெற்றுள்ள அறிவை இழக்கச் செய்கிறது. அவற்றை ஆராயாது அப்படியே ஏற்கும் வகுப்பறையோ, தமிழ்ப் பொருளையே ஆங்கிலப் பொருளாகக் கொள்ளும் மயக்கத்தை வளர்க்கிறது. பொருள் வேறுபாட்டை வெளிப்படையாகக் கற்பிப்பதே இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியாகும். ஆங்கிலச் சூழல் வாய்க்காத ஊர்களின் மாணவர்க்கு இது செலவற்ற, உடனடியாகக் கைக்கொள்ளத்தக்க தொடக்கமாக அமையும்.