விலை உயர்ந்த போன்: காசு எங்கே போகிறது?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்பே ஜரிகையைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். அசல் ஜரிகையா, ஹாஃப் ஃபைனா? கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னும். விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம். பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசினால் அசல் ஜரிகை. மலிவான வகைகளில் வெள்ளியின் இடத்தைச் செம்பு பிடித்துக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் எக்ஸ்.ஆர்.எஃப். கருவியில் வைத்துப் பார்க்கலாம். எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரை உமிழும். வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பது புடவையில் ஒரு இழையைக்கூட அறுக்காமல் தெரிந்துவிடும்.

இவ்வளவு விசாரித்துப் பட்டு வாங்குகிற குடும்பங்கள்தான் அதே விலைக்கு, சில சமயம் அதைவிட அதிக விலைக்கு, ஒரு ஸ்மார்ட்போனை மாதத் தவணையில் எடுத்துவிடுகின்றன. கடைக்காரர் சொல்லும் மெகாபிக்சல் கணக்கைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்பதில்லை. 2024-இல் ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் இந்தியாவில் 1,44,900 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் சாம்சங்கின் கேலக்ஸி ஏ16 5ஜி போன் 18,999 ரூபாய்க்கு வந்தது. ஏழரை மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஜரிகையைப் போலவே இதையும் பிரித்துப் பார்க்க முடியும்; பார்க்கவும் வேண்டும்.

உள்ளே இருக்கும் உலோகத்தில் இருந்தே தொடங்கலாம். பழைய பட்டுப்புடவையை ஜரிகையில் உள்ள வெள்ளிக்காகவே வாங்கிக்கொள்பவர்கள் உண்டு. பழைய போனில் அப்படி என்ன தேறும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்குப்படி பத்து லட்சம் கைபேசிகளை மறுசுழற்சி செய்தால் சுமார் 34 கிலோ தங்கமும் 350 கிலோ வெள்ளியும் கிடைக்கும். ஒரு போனுக்கு என்று பார்த்தால் தங்கம் 0.034 கிராம். ஆக, விலை உலோகத்தில் இல்லை.

கூலியில் இருக்கிறதா? அதைக் கேட்க இந்த மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. காஞ்சிபுரத்திலிருந்து சென்னை சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் போனால் சுங்குவார்சத்திரம். அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தொகுக்கப்படுகின்றன. அதற்கு முன்பே, பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014-இல் மூடப்பட்டது. அது மூடியபோது பல ஆயிரம் குடும்பங்கள் தவித்ததை இந்தப் பகுதி மறக்கவில்லை. இப்போது ஐபோன் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு ஒவ்வாமல் பலர் மருத்துவமனையில் சேர்ந்தபோது, இவர்கள் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாய் செலவில் இவர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது.

இத்தனை பேர் உழைத்துச் செய்யும் பொருளின் விலையில் தொகுப்புக் கூலி எவ்வளவு? யூச்சிங் ஷிங், நீல் டெட்டெர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2010-இல் இதைக் கணக்கிட்டார்கள். அப்போதைய ஐபோன் 3ஜி ஒன்றைச் செய்ய ஆன செலவு 178.96 டாலர். சீனாவில் அதைத் தொகுக்க ஆனது வெறும் 6.50 டாலர், நூற்றுக்கு நான்குகூட இல்லை. பழைய மாடலின் கணக்குதான், என்றாலும் ஐபோன் நம் ஊரிலேயே தயாராகியும் விலை ஏன் பெரிதாக இறங்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. சிப் தைவானிலிருந்து வருகிறது. கேமரா சென்சார் ஜப்பானின் சோனியிடமிருந்து. இங்கே நடப்பது கடைசிக் கட்டத் தொகுப்பு. போதாததற்கு 2020 ஏப்ரலில் கைபேசிக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 1,44,900 ரூபாயில் ஏறத்தாழ 22,100 ரூபாய் வரியாகவே போகிறது.

மிச்சப் பணம் அறிவுக்கும், விளம்பரத்துக்கும், நிறுவனத்தின் லாபத்துக்கும் போகிறது. இதில் அறிவு என்ற பங்கை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஐபோனுக்கென்று 2023-இல் வந்த ஏ17 ப்ரோ சிப்பில் 1,900 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. அவ்வளவு நுண்ணிய கோடுகளை வரைய 13.5 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளி வேண்டும். அந்த ஒளியை ஆளும் இயந்திரத்தை உலகத்தில் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். என்ற ஒரே நிறுவனம்தான் விற்கிறது. மனித மூளை சாதித்தவற்றில் மிக உயர்ந்த இடத்தில் வைக்க வேண்டிய வேலை அது. ஆனால் அந்த 1,900 கோடி டிரான்சிஸ்டர்களிடம் நாம் என்ன வேலை வாங்குகிறோம்? பூக்கடையில் க்யூஆர் கோடு காட்டிப் பணம் கட்டவும், வாட்ஸ்அப் பேசவும், யூடியூப் பார்க்கவும் 18,999 ரூபாய் போனின் சிப்பே போதும். பெரிய வீடியோவை வெட்டி ஒட்டுபவர்களும் கனமான விளையாட்டுகளை ஆடுபவர்களும்தான் வேகத்தின் வித்தியாசத்தை உணர்வார்கள். அந்த முழு வேகமும் சித்திரை வெயிலில் கிடைக்காது. ஐபோனை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். காஞ்சிபுரத்தில் அந்த மாதத்துப் பகல் 40-ஐத் தொடும். சூடு ஏறினால் எந்த சிப்பும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஸ்கிரீனிலும் இதே கதைதான். நல்ல பார்வை உள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். போனை ஓரடி தூரத்தில் பிடித்தால் அங்குலத்துக்குச் சுமார் 290 புள்ளிகளுக்கு மேல் கண்ணுக்கு எட்டாது. மேலே சொன்ன மலிவுப் போனிலேயே 385 இருக்கிறது. விலை கூடிய ஸ்கிரீனின் அசல் நன்மை வெளிச்சம்: கொளுத்தும் வெயிலில் கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். நாள் முழுக்க வெளியில் வேலை பார்ப்பவருக்கு அது பெரிய உதவி. அடுத்தது சிக்னல். வைகாசி கருட சேவைக்கு வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் கூட்டம் நெருக்கும்போது சிக்னல் திணறினால், அதை எந்த விலைப் போனாலும் சரிசெய்ய முடியாது. ஒரு கைபேசிக் கோபுரத்தின் அலைவரிசையை அங்கே நிற்கும் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரு லட்ச ரூபாய் போனுக்குத் தனிப் பங்கு கிடையாது.

கேமராதான் உண்மையாகவே வித்தியாசம் காட்டும் இடம். அதனால்தான் எல்லா விளம்பரமும் அதைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் விளம்பரம் சொல்வது மெகாபிக்சலை. வேலை செய்வது சென்சாரின் பரப்பளவு. ஒளி ஒரு சின்ன சிலிக்கான் தகட்டின் மேல் விழுகிறது. தகடு பெரிதானால் சேரும் ஒளியும் கூடும். குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் இருக்கும் 50 மெகாபிக்சல் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மில்லிமீட்டர். ஷாவ்மி 14 அல்ட்ரா போன்ற ஒரு லட்ச ரூபாய் போனில் இருக்கும் ஒரு அங்குல வகை சென்சாரின் பரப்பு சுமார் 116 சதுர மில்லிமீட்டர். ஐந்து மடங்குக்கும் மேல். அந்தச் சின்ன சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.64 மைக்ரான், சிவப்பு ஒளியின் அலைநீளமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் போன் தருகிறது. நல்ல வெளிச்சத்தில் இரண்டு போனின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பலராலும் பிரித்துச் சொல்ல முடியாது. விளக்கு மங்கிய பிரகாரத்திலோ இரவுக் கல்யாண ஊர்வலத்திலோ வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

புடவை விற்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் நெய்த புடவை இன்று முதலில் வாட்ஸ்அப்பில்தான் விற்பனைக்கு விரிகிறது. ‘படத்தில் பார்த்த கலர் வேறு, வந்த கலர் வேறு’ என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினால் நஷ்டம் விற்றவருக்கு. நல்ல கேமரா போன் வாங்கினால் இது தீரும் என்று பலர் நம்புகிறார்கள். முழுக்கத் தீராது.

மயில்கழுத்து வண்ணத்தை எடுத்துக்கொள்வோம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். மடிப்பு திரும்பும் கோணத்தைப் பொறுத்து ஒன்று மேலோங்கும், மற்றது பின்வாங்கும். பட்டு இழையின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணமாக இருப்பதால் ஒளி பல கோணங்களில் சிதறி அந்தப் பளபளப்பும் சேர்கிறது. ஒரு புகைப்படம் ஒரே கோணத்தில் நின்றுவிடும். இந்தப் புடவையின் வண்ணம் ஒரே கோணத்தில் அடங்குவதில்லை. அடுத்தது விளக்கு. கடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் எல்லா அலைநீளமும் சமமாக இருக்காது. கேமராவின் மூன்று வண்ண வடிகட்டிகளும் நம் கண்ணின் மூன்று வகைக் கூம்பு செல்களும் ஒரே மாதிரி வேலை செய்வதும் இல்லை. அதனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சிவப்புகள் படத்தில் வேறாகலாம். அரக்குப் புடவை ஒன்றை ஸ்கிரீன் முழுக்க விரித்துப் படம் எடுத்தால், வெளிச்சமே சிவப்பாக இருக்கிறது என்று கேமரா கணித்துக்கொண்டு நிறத்தைத் தணித்துவிடும். எல்லாம் சரியாக வந்தாலும், சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தின் நீளப் பக்கத்தை ஏறத்தாழ 1,600 பிக்சலாகச் சுருக்குகிறது. 50 மெகாபிக்சல் அதில் 2 மெகாபிக்சலாகிவிடும். கடைசியில் வாங்குபவரின் ஸ்கிரீன் தன் விருப்பப்படி நிறத்தைக் கூட்டிக் காட்டும்.

இதற்கெல்லாம் மருந்து செலவில்லாதது. நேரடி வெயில் படாத வாசல் வெளிச்சத்தில் எடுங்கள். புடவையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் தெரியட்டும். முந்தியை மெல்லத் திருப்பியபடி சின்ன வீடியோ ஒன்று சேர்த்து அனுப்புங்கள். படத்தை எச்.டி. தரத்திலோ டாக்குமெண்ட்டாகவோ அனுப்புங்கள். தினமும் பத்துப் புடவை படம் பிடித்து அதிலேயே பிழைப்பவர்களுக்குப் பெரிய சென்சார் போன் நியாயமான முதலீடு. மற்றவர்களுக்கு இந்த நான்கு பழக்கமே போதும்.

முன்பெல்லாம் விலை கூடிய போனுக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் இருந்தது: நீண்ட நாள் அப்டேட். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பது ஆபத்து. 2023-இல் கூகுள் பிக்சல் 8-க்கும், 2024-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு ஆண்டு அப்டேட் அறிவித்தார்கள். ஆனால் நாம் பார்த்த 18,999 ரூபாய் ஏ16-க்கே ஆறு ஆண்டு தருகிறார்கள். ஆண்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதற்கு ஆண்டுக்குச் சுமார் 3,170 ரூபாய். 1,44,900 ரூபாய் போனை ஏழு ஆண்டு வைத்திருந்தாலும் ஆண்டுக்கு 20,700 ரூபாய். ஐபோனுக்கு மறுவிற்பனை விலை நன்றாகக் கிடைக்கும் என்பது உண்மை; இந்த இடைவெளியை அதுவும் மூடாது.

ஆறு ஆண்டு ஓட பேட்டரி ஒத்துழைக்க வேண்டும். லித்தியம் அயனி பேட்டரி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் அதன் கிராஃபைட் மின்முனையில் ஒரு படலம் தடித்துக்கொண்டே போகும். சூடு அதை வேகப்படுத்தும். பல நூறு சுற்றுகளுக்குப் பிறகு கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்குவது இயல்பு. இந்த விதியிலிருந்து எந்த விலைப் போனுக்கும் விலக்கில்லை. பேட்டரி தளர்ந்ததும் போனையே மாற்றுவதுதான் நாம் செய்யும் பெரிய வீண் செலவு. ஒரு ஐபோன் தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தயாரிப்பின்போதே வந்துவிடுகிறது என்று ஆப்பிளின் சுற்றுச்சூழல் அறிக்கைகளே சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டு உதிரிபாகம் கிடைக்க வேண்டும் என்றும், 800 சுற்றுக்குப் பிறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்க வேண்டும் என்றும் சட்டமாக்கிவிட்டது. உலகத்துக்கே போன் செய்து அனுப்பும் நம் நாட்டில் அதே உரிமை நமக்கும் வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

என் தீர்ப்பு இது: 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் கிடைக்கும் நல்ல போனே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். கேமராவை நம்பித் தொழில் செய்பவர்கள் மேலே போகலாம். அவர்களும் புது மாடலை விட்டுவிட்டு, சென்ற ஆண்டின் உயர்ந்த மாடலை எடுத்தால் பெரிய தொகை மிச்சம். தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை வரும், அசல் பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? பழைய போன் வாங்குவதாக இருந்தால் *#06# அழுத்தி ஐ.எம்.ஈ.ஐ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். அது முடக்கப்பட்ட போனா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.